மூன்று கவர், ஒரே வசனம்

பிரியமானவருக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் நம் மகளும் சுகம். மாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாய் மட்டும் சுகமில்லை. நீங்களும் அறையில் இருப்பவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசிவிட்டு இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் தனியாக இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் குறட்டை விடுகிறார், எதிர்க்கட்டிலில் ஒருவர் தன் வீட்டோடு சண்டை போடுகிறார், நடுவில் நீங்கள் "ம்", "சரி", "ஜெபிச்சுக்கோ" என்கிறீர்கள். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் மனதில் என்ன ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மகளுக்கு வக்கீலம்மா என்று நீங்கள் வைத்த பட்டப்பெயர் வீண்போகவில்லை. ஞாயிறு பள்ளியில் ஆசிரியையிடம், "இது எங்க எழுதியிருக்கு மிஸ், காட்டுங்க" என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியை என்னிடம் முறையிட்டார். நான் கண்டித்துவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அவளுக்கு ஒரு முட்டை கூடுதலாக அவித்துக் கொடுத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயர் அறிவிப்புகளை வாசித்தார். வழக்கமான அறிவிப்புகள்தான். கடைசியில், வெளிநாட்டில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக வேலை பார்க்கும் நம் சகோதரர் ஒருவர், ஒப்பந்தத்தை இன்னும் நீட்டிப்பதா, வீட்டுக்குத் திரும்பிவிடுவதா என்று தேவசித்தம் அறிய விரும்புகிறார், அவருக்காகக் கவர் ஜெபம் நடக்கும் என்றார். இரண்டு மூன்று தலைகள் என் பக்கம் திரும்பின. அப்போதுதான் அந்தச் சகோதரர் என் வீட்டுக்காரர் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்து, "நல்ல முடிவா வரும்மா" என்றார். இப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் பெரிதாகத் தலையாட்டிவைத்தேன்.

ஆயருக்குப் போன் செய்ய உங்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. என்னோடும் அதே நாளில்தான் பேசினீர்கள். குழாயைப் பற்றிக் கேட்டீர்கள். ஒப்பந்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

கவர் ஜெபத்தின் மேல் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று உங்களுக்குத் தெரியும். மூன்று பேர் ஒரே நாளில் உபவாசமிருந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், தனித்தனியே ஜெபித்து, கிடைத்த வசனத்தை எழுதிக் கவரில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் ஆண்டவர் பேசினார் என்று அர்த்தம். போன வருஷம் வீடு கட்டலாமா என்று கேட்ட கடைக்காரர் குடும்பத்துக்கு என்ன வந்தது? ஒரு கவரில் கட்டு, இன்னொன்றில் இடி, மூன்றாவதில் காத்திரு. கடைசியில் அவர் மைத்துனர் சொன்னபடிதான் செய்தார்.

நீட்டிப்பது என்று நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, அதை ஆண்டவர் வாயால் சொல்ல வைக்கப் பார்க்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் சொன்னால் நான் சண்டை போடுவேன், அவர் சொன்னால் போடமாட்டேன் அல்லவா? அங்கே வேறு ஏதாவது தொடர்பு இருக்குமோ என்றும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். பிறகு உங்கள் போட்டோவை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

பதில் எழுதுங்கள். போனில் வேண்டாம். கர்த்தர் உங்கள் கைகளையும், அந்தக் கைகளால் நீங்கள் தொடுகிற மின்கம்பிகளையும் காப்பாராக.

உங்கள் மனைவி


பிரியமானவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதில் பாதி ஸ்தோத்திரம். மீதியில் குழாய்க்கு எந்த வாஷர் போட வேண்டும் என்று இருக்கிறது. வாஷர் சரியாகப் பொருந்தியது, நன்றி. நான் கேட்டதற்கு மட்டும் பதிலைக் காணோம். "கர்த்தர் நடத்துவார்" என்று முடித்துவிட்டீர்கள். நடத்துவார்தான். நடக்கிறவருக்கு எந்தப் பக்கம் போக ஆசை என்றுதானே கேட்டேன்?

கவர்களை நேற்று பிரித்தார்கள். முடிவை உங்களுக்கு ஆயரே போனில் சொல்லிவிட்டார். ஆனால் அங்கே நடந்ததை நீங்கள் என் கண்ணால் பார்க்க வேண்டும். ஆயரம்மா, தையற்கார அண்ணன், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஐயா, இந்த மூன்று பேர்தான் உங்களுக்காக ஜெபித்தவர்கள். முதல் கவரைப் பிரித்து ஆயர் வாசித்தார். பிசாசு நீங்கிக் குணமான ஒருவன், கூடவே வருகிறேன் என்று கெஞ்ச, நீ உன் வீட்டாரிடம் போ என்று ஆண்டவர் திருப்பி அனுப்புகிற அந்த வசனம். இரண்டாவது கவரிலும் அதே வசனம். மூன்றாவதைப் பிரித்தார். அதிலும் அதுவேதான். மூன்று கவரும் இப்படிச் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனது இந்தச் சபை தொடங்கிய காலத்திலிருந்து இதுதான் முதல் தடவையாம். எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். நானும் பாடினேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்கு அழுகை வந்தது.

நீங்கள் வரப்போகிறீர்கள். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். வக்கீலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா நெஜமாவே வராரா, இல்ல சும்மா சொல்றாங்களா?" என்று கேட்டாள். நெஜமாதான் என்றேன். அவளுக்கு அது போதவில்லை, எனக்குப் போதும் என்றிருந்தது.

ஆனால் என் புத்தி எங்கே போகும்? ஆஸ்பத்திரியில் கிருமிநீக்கப் பிரிவில் வேலை பார்த்துப் பார்த்து எனக்கு இப்படி ஆகிவிட்டது. ஆபரேஷன் கருவிகளைத் துணியில் மடித்துக் கட்டி, ஆட்டோகிளேவ் நீராவியில் வைத்து எடுத்தால், மேலே ஒட்டிய டேப்பில் கருப்புக் கோடு விழுந்திருக்கும். புதிதாக வந்தவர்கள் கோட்டைப் பார்த்ததும் சரி என்று அடுக்கிவிடுவார்கள். கோடு சொல்வது வெளியே சூடு பட்டது என்பதை மட்டும்தான். உள்ளே நீராவி போனதா என்பதை நடுவில் வைத்த இன்னொரு பட்டைதான் சொல்லும். சந்தேகமாக இருந்தால் கட்டைப் பிரித்து முதலிலிருந்து போடு என்பதுதான் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டரின் சட்டம். நேற்று எல்லோரும் பாடும்போது எனக்கு அந்தக் கருப்புக் கோடுதான் ஞாபகம் வந்தது. இவ்வளவு அழகாக ஒத்துப்போவானேன்? மூன்று பேரும் முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டார்களோ? என்மேல் இரக்கப்பட்டு ஆயரம்மா ஏற்பாடு செய்தாரோ? இப்படி நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன். ஜெபித்த பிறகும் சந்தேகம் போகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஆயர் சொன்ன பிறகு நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். "சரி, தேவசித்தம். மாசக் கடைசியில எழுதிக் குடுத்துர்றேன்" என்றீர்கள். பல் பிடுங்க நாள் குறித்துக் கொடுத்தால் ஒருவர் எப்படிச் சரி என்பாரோ அப்படி இருந்தது. நான் சந்தோஷமா என்று கேட்டேன். "கர்த்தர் சித்தத்துக்கு மேல சந்தோஷம் என்ன இருக்கு" என்றீர்கள். அது பிரசங்கம். எனக்குப் பதில் வேண்டும்.

வரும்போது எதுவும் வாங்கி வர வேண்டாம். உங்களைச் சுமந்து வருகிற வாகனங்களை எல்லாம் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் மனைவி


பிரியமானவருக்கு,

இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். தபாலில் போட்டால் மாதக் கடைசிக்குள் வந்து சேராது. நீங்கள் மேனேஜரிடம் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்தாக வேண்டும். அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் படியுங்கள். முடியாவிட்டால் வெளியே போய்ப் படியுங்கள்.

சபையில் எல்லா வீட்டுக்கும் வருஷ ஆரம்பத்தில் கொடுக்கிற தினவசனக் காலண்டர் நம் சமையலறையிலும் தொங்குகிறது. கிழிக்கிறது உங்கள் வேலையாக இருந்தது. நீங்கள் போன பிறகு எனக்கு ஞாபகம் வந்தால்தான் கிழிப்பேன், அதனால் நம் சமையலறையில் மட்டும் எப்போதும் போன மாதம்தான் நடந்துகொண்டிருக்கும். போன கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் காலை, நீங்கள் வரப்போகிற சந்தோஷத்தில், பாட்டுப் பாடிக்கொண்டே தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டு வந்தேன். உபவாச நாளின் தாள் வந்தது. அதில் அந்த வசனம்தான் அச்சடித்திருந்தது. உன் வீட்டாரிடம் போ என்கிற அதே வசனம்.

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு என் வேலையைத் தொடங்கினேன். முதலில் தையற்கார அண்ணன். வக்கீலம்மாவின் பாவாடைக்கு மடிப்புப் பிரிக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன். அந்த வசனம் உங்களுக்கு எப்படிண்ணா கிடைச்சுது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "மொழங்கால்ல நின்னதும் மனசுல வந்து நின்னுச்சும்மா, நான் தேடவே இல்ல" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. நான் முகத்தை நம்புகிறவள் இல்லை, ஆனாலும் அது பொய் சொல்கிற முகமில்லை. தினமும் விடிந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து ஊசிக்கு எதிரே மிஷினில் செருகிக்கொண்டுதான் அவர் தைக்க உட்காருகிறார். அன்றைக்கான தாள் அங்கேயே இருந்தது. அவர் அதைப் பார்க்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை.

போஸ்ட்மாஸ்டர் ஐயா வீட்டில் நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நான் போன நேரத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அன்றைய தாளை மனைவிக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். "எழுந்ததும் இதுதாம்மா முதல்ல, மாத்திரைகூட அப்புறம்தான்" என்று அவர் மனைவி பெருமையாகச் சொன்னார்.

ஆக, யாரும் சதி செய்யவில்லை. மூன்று நல்ல மனிதர்கள், ஒரே காலையில், மூன்று வீட்டில், ஒரே தாளைக் கிழித்துவிட்டு முழங்காலில் நின்றிருக்கிறார்கள். மனதில் வந்து நிற்காமல் என்ன செய்யும்? அவர்களைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டேன். அதோடு, என் சந்தேகம் சரிதான் என்று தெரிந்ததில் உள்ளூர ஒரு குளிர்ச்சியும் இருந்தது. அந்தக் குளிர்ச்சி நல்ல இடத்திலிருந்து வந்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆயரம்மாவிடம் நேராகவே சொன்னேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த துணியைப் பக்கெட்டிலேயே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அன்னிக்குக் காலையில நானும் அதைத்தான் வாசிச்சேன். கர்த்தர் காலண்டர் மூலமா பேசமாட்டாரா?" என்று கேட்டார். பேசலாம்மா, அப்படிப் பார்த்தால் அன்றைக்கு அந்தத் தாளைக் கிழித்த எல்லா வீட்டு ஆண்களும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டுமே என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். வசனங்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்டேன். அச்சகக்காரரே போட்டுவிடுவாராம். அவர் சபைப் பக்கமே வருவதில்லையாம். பிறகு ஆயரம்மா என் தோளில் கையை வைத்து, "இதை இப்ப எதுக்குக் கிளப்புற? உனக்கும் அதுதானே வேணும்?" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு கேள்வி என் வாயைச் சில நாள் நன்றாகவே அடைத்துப் போட்டுவிட்டது. ஆமாம், எனக்கு அதுதான் வேண்டும். நான் வாயைத் திறக்காவிட்டால் நீங்கள் வந்துவிடுவீர்கள். திறந்தால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும் போடுவீர்கள். நீட்டிக்கச் சொல்லும் வசனம் ஒன்று மூன்று கவரிலும் வந்து, அது காலண்டரில் இருந்தது எனக்குத் தெரியவந்திருந்தால், அன்று மாலையே ஆயர் வீட்டு வாசலில் தாளோடு நின்றிருப்பேன். தனக்கு வேண்டாத கட்டை மட்டும் பிரித்துப் பார்க்கிற ஆள் எங்கள் பிரிவில் யாராவது இருந்தால் சிஸ்டர் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார். இதுநாள் வரை நான் பகுத்தறிகிறேன் என்று நினைத்துச் செய்ததில் பாதி இப்படித்தானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

முந்தாநாள் மத்தியானம் வேலை முடிந்து, உடை மாற்றுகிற அறையில் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். "உமது சித்தம்" என்று வழக்கம்போலத் தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. அது என் ஜெபமே இல்லை, ஆராதனையில் எல்லோரோடும் சேர்ந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். கடைசியில், எனக்கு அவர் வீட்டுல வேணும் ஆண்டவரே, வேற யாருக்கும் இல்ல, எனக்கு வேணும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனதில் ஒரு சமாதானம் வந்தது. அந்தச் சமாதானத்தையும் நான் நம்பவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் டீ குடித்திருந்தேன், அதனாலும் இருக்கலாம். நேற்றுக் காலையில் எழுந்தபோதும் அது இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் இப்போது திருப்பிப் பார்க்கிறேன். போன விடுமுறையில் நீங்கள் வந்தபோது பெட்டியைக் கடைசிவரை பிரிக்கவே இல்லை. சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, துவைத்ததும் பெட்டியிலேயே வைத்தீர்கள். ஒருநாள் படுக்கையறை ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, "இதைத் திறக்கலாமா?" என்று என்னிடம் கேட்டீர்கள். உங்கள் வீட்டு ஜன்னல். அன்றைக்கு எனக்கு எரிச்சல் வந்தது. மனுஷனுக்கு எப்போது கிளம்பலாம் என்றிருக்கிறது என்று நினைத்தேன். அலமாரியில் உங்களுக்கென்று ஒரு தட்டுகூட நான் காலி செய்து வைத்திருக்கவில்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். நீங்கள் போக ஆசைப்பட்டுப் பெட்டியைப் பிரிக்காமல் இருந்தீர்களா, வைக்க இடமில்லாமல் இருந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. நீங்கள் என்னிடம் கேட்காமல் ஆயரிடம் கேட்டதற்கும் இதுதான் காரணமோ என்று தோன்றுகிறது.

நேற்று மேல்தட்டைக் காலி செய்தேன். வக்கீலம்மா எதற்கு என்று கேட்டாள். அப்பாவுக்கு என்றேன். "வரேன்னு அவரே சொன்னாரா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப ஏன்?" என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

ஆயரிடம் காலண்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர், உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டியதுதான், யார் சொல்வது என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். தையற்கார அண்ணனிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் உங்களுக்காக உண்மையாகவே அழுதார், அந்தக் கண்ணீர் காலண்டரில் வந்ததில்லை.

ஆக, உங்கள் கையில் இப்போது எந்த வசனமும் இல்லை. கவரும் இல்லை. அது மூன்றும் ஒரு கட்டளை என்று நம்பி நீங்கள் வந்து இறங்கினால், பிறகு இங்கே ஒவ்வொரு கஷ்டத்துக்கும் நாம் இரண்டு பேரும் ஆண்டவரைத்தான் குற்றம் சொல்லுவோம். அப்படி ஒரு வீட்டில் நான் உங்களோடு இருக்க விரும்பவில்லை. அதைவிட நீங்கள் அங்கேயே இருந்துவிடலாம். இதை எழுத என் கை எவ்வளவு நேரம் மறுத்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

மாதக் கடைசியில் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போடத்தான் போகிறீர்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதில் கர்த்தருடைய பெயர் வர வேண்டாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்களுக்கு என்ன ஆசை என்று மட்டும் எழுதுங்கள்.

நான் முதலில் எழுதிவிடுகிறேன். வாருங்கள். இது தேவசித்தமா என்று எனக்குத் தெரியாது, என் ஆசை என்று மட்டும் தெரியும். வர மனமில்லை என்றால் அதையும் நீங்களே சொல்லுங்கள், அவரைச் சொல்ல வைக்காதீர்கள். எதை எழுதினாலும், எழுதுகிற அந்த நேரத்தில் அவர் உங்கள் பக்கத்திலேயே இருப்பாராக.

உங்கள் மனைவி